புயல் நாளில் முடிவெடுப்பது யார்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் டயாலிசிஸ் மையத்தின் அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதுவது என் வேலை. டெக்னீஷியனாகச் சேர்ந்தவள் நான். இப்போது மையத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேறொரு ஊரில் இதே மாதிரி மையம் தொடங்கப்போகும் தோழி ஒருத்தி, "உங்க பிளானை அனுப்புடி, பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் சென்னையில் ஏதோ ஒரு வருடத்தின் இக்கட்டில் எழுதியது. அந்தக் கதை தெரியாமல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் பயன் குறைவு. அதனால்தான் இந்தப் பதிவு.

டயாலிசிஸ் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். திங்கள், புதன், வெள்ளி ஒரு அணி. செவ்வாய், வியாழன், சனி இன்னொரு அணி. வாரத்தில் ஒருமுறை எல்லோருக்கும் இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் இறப்பும் இதயக் கோளாறும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேலும் ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பில் நீர் தேங்கி மூச்சு வாங்கும், படுக்க முடியாது, உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள். பொட்டாசியம் ஏறினால் அந்த எச்சரிக்கைகூட இருக்காது, இதயம் திடீரென்று நின்றுவிடும்.

தொழில் தொடர்ச்சித் திட்டம், அதாவது இடர் வந்தாலும் வேலை நிற்காமல் நடக்க வழி சொல்லும் திட்டம், எழுதுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வேலை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்?" என்பது. ஐ.எஸ்.ஓ. 22301 என்ற தர நிர்ணயமும் அதைத்தான் கேட்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனம் அதற்குக் கூட்டம் போட்டுப் பதில் எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தப் பதிலை நோயாளியின் உடம்பே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நாங்கள் செய்யக்கூடியது, அந்தக் கெடுவுக்குள் கரண்ட், தண்ணீர், ஆள், வழி நான்கையும் சேர்த்து வைப்பதுதான்.

பழைய திட்டம் ஒன்று இருந்தது. தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக அழகாகத் தாள் பிரித்துத் தயாரித்த கோப்பு. தீ, வெள்ளம், நிலநடுக்கம், மின்தடை என்று தனித்தனிப் பக்கங்கள். நல்ல உழைப்புதான். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே வரியில் போய் முடியும்: "மேலதிகாரிக்குத் தகவல் தெரிவித்து அனுமதி பெற்றுச் செயல்படவும்."

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அன்று நிறுத்தாமல் பெய்த மழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீரும், அடையாற்றில் ஏறிய வெள்ளமும் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மையம் அசோக் நகர் பக்கம், முதல் மாடியில் இருக்கிறது. ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர், சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் அதிகம். மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஜெனரேட்டர் கீழே பின்பக்கம் சிமெண்ட் மேடையில் இருந்தது. முதலில் தெருவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு தண்ணீர் மேடையைத் தொட்டதும் அதுவும் நின்றது. அப்போது இரவு ஷிஃப்டில் நோயாளிகள் மெஷினில் இருந்தார்கள்.

டயாலிசிஸ் மெஷினில் பேட்டரி உண்டு. ரத்த பம்பை மட்டும் சிறிது நேரம் ஓட்டும், அவ்வளவுதான். வெளியே குழாயில் இருக்கும் ரத்தம் ஓட்டம் நின்றால் உறைந்துவிடும், அவ்வளவு ரத்தமும் நோயாளிக்கு நஷ்டம். பணியில் இருந்த டெக்னீஷியன் தம்பிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. போன் எடுத்துப் பார்த்தான், சிக்னல் இல்லை. டாக்டரையும் பிடிக்க முடியவில்லை, என்னையும் பிடிக்க முடியவில்லை. அனுமதிக்குக் காத்திராமல் ஒவ்வொருவருக்கும் சலைன் போட்டு ரத்தத்தைத் திருப்பிவிட்டான். ஒரு மெஷினில் பேட்டரி பலவீனமாக இருந்ததால் பம்பின் கைப்பிடியைச் செருகிக் கையாலேயே சுற்றினான். யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வீணாகவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்து காத்திருந்தவர்கள் வீட்டுக்கும் போக முடியாமல், டயாலிசிஸும் இல்லாமல் நின்றார்கள். மூத்த சிஸ்டர் அவர்களுக்குப் பொட்டாசியத்தை இறக்கும் பொடியைக் கரைத்துக் கொடுத்தார். தண்ணீரை அளந்து கொடுத்தார். கட்டட உரிமையாளர் வீட்டில் லேண்ட்லைன் வேலை செய்தது. அதில் கோயம்பேடு பக்கம் ஒரு மையத்தைப் பிடித்துப் பேசினார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட் இருக்கா?" என்பது. தொற்று நிலை தெரியாமல் எந்த மையமும் தன் மெஷினில் ஒரு புது நோயாளியைப் போடாது, போடவும் கூடாது. கம்ப்யூட்டர் இயங்கவில்லை. சிஸ்டர் டார்ச் வெளிச்சத்தில் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ட்ரை வெயிட் (கூடுதல் நீரெல்லாம் எடுத்த பின் இருக்க வேண்டிய எடை), ஹெபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு, தேதி எல்லாம் தாளில் எழுதினார். விடிந்ததும் சக்கர நாற்காலியிலும் கைத்தாங்கலாகவும் அசோக் நகர் மெட்ரோ நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆலந்தூர் கோயம்பேடு தடம் அந்த வருடம் ஜூன் 29 அன்றுதான் திறந்திருந்தது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தையே மூடிய வெள்ளத்தில், மேலே மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோப்பில் மெட்ரோ என்ற சொல்லே கிடையாது.

பின்னால் நடந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "யாரைக் கேட்டு நோயாளிகளை ரயிலில் அனுப்பினீர்கள்?" தம்பி தலைகுனிந்து நின்றான். எங்கள் டாக்டர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கேட்டுக்கிட்டு நின்னிருந்தாதான் தப்பாயிருக்கும்."

இன்றைய திட்டத்தின் முதல் பக்கம் அந்தப் பதிலிலிருந்து வந்தது. அதில் வெள்ளமும் இல்லை, தீயும் இல்லை. பணியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவுகள் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ரத்தத்தைத் திருப்பிவிட்டு டயாலிசிஸை நிறுத்துவது. நோயாளியை வேறு மையத்துக்கு அனுப்புவது, எந்த வண்டியில் என்பது உட்பட. நோயாளியை இரவு அங்கேயே தங்கவைப்பது. செலவு செய்வது. கீழே மையத்தின் உரிமையாளர், டாக்டர், நான் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்: "இந்த முடிவுகளுக்காக யாரிடமும் விளக்கம் கேட்கப்பட மாட்டாது." கடைசி வாக்கியத்துக்காக நான் நிறைய வாதாட வேண்டியிருந்தது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மேலே உள்ள பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்குத் திட்டத்தை விட அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரியும்.

அந்த வெள்ளத்தில் 'தி இந்து' நாளிதழ் ஒரு நாள் அச்சாகவில்லை. 1878இலிருந்து வரும் பத்திரிகை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குப் பணியாளர்கள் போய்ச்சேர முடியவில்லை என்பதுதான் காரணம். இயந்திரத்தைக் காப்பாற்றுவதைப் பற்றியே எல்லோரும் திட்டம் போடுகிறோம். ஆள் வந்து சேரும் வழியைப் பற்றி எழுதுவது குறைவு. இப்போது எங்கள் பணியாளர் பட்டியலில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு: எந்தப் பாலம் மூடினால் இவரால் வர முடியாது என்று. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் வீடுள்ளவர்களை மட்டுமே வைத்து ஒரே ஷிஃப்டை நிரப்புவதில்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஜெனரேட்டரை அதற்குள் உயரத்துக்கு ஏற்றியிருந்தோம். மரங்கள் சாய்ந்து, கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது. டீசல் தீர்ந்துகொண்டே வந்தது. பங்கில் டீசலும் இருந்தது. எங்களிடம் நோட்டு இல்லை. நவம்பர் 8ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். காலி. நெட்வொர்க் இல்லாததால் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, அதை டீசலாக மாற்ற வழியில்லை. கீழே இருந்த மருந்துக்கடைக்காரரும், நோயாளிகளின் வீட்டாரும் கையில் இருந்த நூறு ரூபாய் நோட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயாளியிடமே பணம் வாங்கி அவருக்கு டயாலிசிஸ் செய்யும் நிலை மறுபடி வரக்கூடாது என்று சிஸ்டர் அழுதுகொண்டே சொன்னார். ஒரு புயல், ஒரு பொருளாதார அறிவிப்பு. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டையும் சமாளித்திருப்போம். சேர்ந்து வரும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது மருந்து அலமாரியில் சீல் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சில்லறை நோட்டுகள். சாவி பணியில் இருக்கும் பொறுப்பாளரிடம். செலவழித்த பிறகு ஒரு சீட்டில் எழுதி வைத்தால் போதும். ஜி.பே. வந்த பிறகு இது எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். வர்தா நாளைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

2019 கோடை வேறு விதம். அதுதான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். ஒருவருக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்ற கணக்கில் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அதை எடுக்க எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு நீர் உள்ளே போக வேண்டும். இப்படி ஒரு நாளில் எத்தனை பேர்!

வெள்ளம் வந்தால் கோப்பைத் திறக்கலாம் என்று தெரியும். வறட்சிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஏப்ரலில் கொஞ்சம் குறைந்தது, மே மாதம் இன்னும் கொஞ்சம், ஜூனில் லாரிக்காரர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். எந்த நாள் அவசரநிலை? அதனால் சம்ப் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். நீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், பணியில் இருப்பவர் கேட்கும் விலை கொடுத்து லாரி வரவழைக்கலாம்.

வரவழைக்கும் அதிகாரத்தை விட, திருப்பி அனுப்பும் அதிகாரம் முக்கியம். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. உப்பு அதிகமாக இருந்தால் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைத்துப் போகும். குளோரின் அதிகமாக இருந்து, கார்பன் ஃபில்டரும் தேய்ந்திருந்தால், அது நோயாளியின் ரத்தத்துக்குப் போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் லாரி குழாயைச் சம்புக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு பக்கெட் பிடித்து, கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் குளோரின் பட்டையும் வைத்துப் பார்ப்போம். ஒருநாள் எங்கள் டெக்னீஷியன் பெண் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினாள். ஊரே தண்ணீருக்கு அலையும்போது வந்த லாரியைத் திருப்புகிறாயே என்று டிரைவர் தெருவில் நின்று சத்தம் போட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவள் சுவரில் ஒட்டியிருந்த முதல் பக்கத்தைக் காட்டி, "அண்ணா, இதுல என் முடிவுன்னு போட்டிருக்கு" என்றாள். அடுத்த லாரி மாலையில்தான் வந்தது. அதுவரை மையம் நின்றது. அன்றைக்கு நான் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லா முடிவையும் பணியில் இருப்பவரிடம் விட்டுவிடவும் முடியாது. யாருக்கு எத்தனை மணி நேரம் குறைப்பது என்பது மருத்துவ முடிவு. அதை டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்: நீரோ கரண்டோ பற்றாக்குறை என்றால் சிலருக்கு நான்கு மணி நேரம், சிலருக்கு ஒன்றுமில்லை என்று பிரிக்கக்கூடாது. எல்லோருக்கும் நேரத்தைக் குறைத்து எல்லோரையும் முடிக்க வேண்டும். விதிவிலக்கு யார் யார் என்ற பட்டியலும் அதிலேயே உண்டு, மாதாமாதம் மாறும். இதை நெருக்கடி நேரத்தில் ஒரு டெக்னீஷியன் தலையில் கட்டுவது கொடுமை. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அவன் தினமும் "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுகிறவர்கள்.

2020 ஊரடங்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. மின்சாரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, மெஷின்கள் இருந்தன. பஸ்ஸும் ஆட்டோவும் இல்லை, விடுதியை மூடியதால் எங்கள் சிஸ்டர்களுக்குத் தங்க இடமில்லை. நானும் நர்ஸ்களோடு சேர்ந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நிர்வாகத்தில் இருப்பவர்களும் மாதம் ஒருமுறையாவது மெஷினில் வேலை பார்த்துக் கையைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

2023இல் மிக்ஜாம் புயலுக்கு முன்னால்தான் இந்தத் திட்டம் முதல்முறையாக எங்களை முந்திக்கொண்டு ஓடவைத்தது. 2012இல் அமெரிக்காவில் சாண்டி புயலுக்கு முன்பே டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள், பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது குறைவு என்று ஆய்வில் படித்திருந்தோம். டிசம்பர் 3 ஞாயிறு. மறுநாள் திங்கள் அணி, அதாவது வெள்ளியோடு நின்றவர்கள், நீண்ட இடைவெளியின் முடிவில் இருப்பவர்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்ததும் ஷிஃப்ட் பொறுப்பாளர் யாரையும் கேட்கவில்லை. திங்கள் அணி முழுவதையும் ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிப் போன் போட்டுவிட்டார். எனக்கே பிறகுதான் தகவல் வந்தது. திங்கட்கிழமை வெள்ளத்தில் ஊர் என்ன நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்கு எதிரான உதாரணத்தையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் நடுவில் ரெட் அலர்ட் வந்தது. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அப்போது. நாங்களும் புதன்கிழமைக்காரர்களை முந்தியே வரவழைத்து முடித்தோம். புதனன்று பயந்த அளவுக்கு மழை இல்லை. கூடுதல் ஷிஃப்ட் சம்பளம், கூடுதல் டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்), நோயாளிகளின் அலைச்சல் எல்லாம் ஆனது. அதைப் பற்றி மையத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால், அடுத்த புயலுக்கு அந்தப் பொறுப்பாளர் போனை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் தயங்குவார். அந்தத் தயக்கம் வராமல் பார்த்துக்கொள்வதற்காகத் தேவையில்லாமல் போன ஒரு நாளின் செலவை முழு மனதோடு ஏற்கிறேன்.

ஒத்திகையும் இப்படித்தான் மாறியது. முன்பு மணி அடித்து எல்லோரும் கீழே இறங்கி வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். இப்போது நானும் டாக்டரும் போனை அணைத்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்து குறைந்த நாளே ஆனவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, "கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை" என்று ஒரு சீட்டை நீட்டுவோம். பாதியில் இன்னொரு சீட்டு: "ஒருவருக்கு மூச்சுத் திணறல்." முதல் பக்கத்தைப் பார்க்கிறாரா, யாரையாவது தேடி ஓடுகிறாரா என்று கவனிப்பேன். 2015இல் அந்த இரவைச் சமாளித்த தம்பி இப்போது துபாயில் இருக்கிறான். அவனைப் போல இன்னொருவர் அமைவார் என்று காத்திருக்க முடியாது, பழக்கித்தான் ஆக வேண்டும்.

இந்த வருடத் திருத்தத்தில் நான் சேர்ப்பது நோயாளிகளின் வீட்டுக்கான பக்கம். மிக்ஜாமில் பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு நல்ல மனதோடு நிவாரணம் கொண்டுபோனவர்கள் கொடுத்தது வாழைப்பழம், பால், இளநீர். டயாலிசிஸ் நோயாளிக்கு இவை மூன்றிலும் பொட்டாசியம் உண்டு, இளநீரிலும் வாழைப்பழத்திலும் மிக அதிகம். பசியில் இருப்பவர் வாங்கிக் குடித்துவிடுவார், யாரையும் குறை சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், மழைக்கு முன் இவற்றைச் செய்துவையுங்கள். பொட்டாசியம் இறக்கும் பொடியைப் பற்றி டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னால் வாங்கி வையுங்கள். டயாலிசிஸ் தவறும் நாட்களில் வெறும் சோறு, உப்பில்லாத ரஸ்க் மாதிரி எளிய உணவு, காய் என்றால் நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தது, குடிக்கும் நீரையும் நன்றாகக் குறைக்க வேண்டும். அளவை டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு அட்டை. அதில் ட்ரை வெயிட், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) எந்தக் கை, டயலைசர் எது, ஹெபாரின் அளவு, ஒவ்வாமை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, எடுத்த தேதி, கடைசியாக டயாலிசிஸ் செய்த நாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு நோயாளியின் பையிலேயே வையுங்கள், போனில் எடுத்த படத்தை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் நோயாளிகளுக்கு இந்த மாதம் அந்த அட்டையை அச்சடித்துக் கொடுக்கிறோம். வேறு மையத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் உங்கள் சிஸ்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.